நாலாவது லைன், ஏழாவது இடம்

மூடியைக் கழற்றிவிட்டுத்தான் மானேஜர் பேனாவை நீட்டினார். பேனாகூட அவருடையது இல்லை. சல்லியின் மேஜைமேல் இருந்த கண்ணாடிக் கோப்பையிலிருந்து அவரே எடுத்தது. கடிதம் ஒரே பக்கம். எங்கள் கம்பைலரை முழுமையாகச் சோதித்துவிட்டோம், அதில் பிழை ஏதும் இல்லை, கிரேன் இயக்குபவர் தவறான இடத்தை அழுத்தியதே விபத்துக்குக் காரணம் என்று நாலு வரி. கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் அவள் பதவியைக் கொட்டை எழுத்தில் அடித்திருந்தார்கள்.

"அந்தப் பகுதி நீங்க எழுதினதும்மா. நீங்க போட்டாத்தான் பேப்பருக்கு மரியாதை," என்றார்.

அவருக்கு ஆபீஸில் வைத்திருந்த பெயர் ஏசி. சத்தமே வராது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால் குளிரும். சல்லி என்பது ஆபீஸுக்குத் தெரியாத பெயர். கல்குவாரியில் அம்மா ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தபோது குவியலுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கில் கிடந்த பிள்ளைக்கு மற்ற பெண்கள் வைத்தது. ஒன்பது வயதில் அவளும் கூடை தூக்கினாள். பிறகு எப்படியோ படித்தாள், எப்படியோ இந்த நாற்காலிக்கு வந்தாள். ஆள் எழுதுகிற நிரலை மெஷினுக்குப் புரிகிற கட்டளையாக மாற்றித் தருவது கம்பைலர். அதை எழுதுகிறவர்களில் அவள் ஒருத்தி. அந்தக் கம்பைலரை நம்பித்தான் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓடுகிறது.

யார்டில் இருபது லைன். லைனுக்கு ஆறு இடம். மேலே கண்ணாடிக் கூண்டில் இருப்பவர் லைன் எண் ஒன்று, இடத்தின் எண் ஒன்று என்று இரண்டு அழுத்தினால் போதும், கிரேன் தானே போய் இறக்கிவிடும். போன வாரம் மழையில் நாலாவது லைன் நாலாவது இடத்துக்குப் போகவேண்டிய கன்டெய்னர் அஞ்சாவது லைனின் முதல் இடத்தில் இறங்கியது. அங்கே ஒருவன் குனிந்து கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். உயிர் இருக்கிறது. வலது பாதம் இல்லை.

"ஒருதரம் லாகைப் பாத்துட்டுப் போடுறேன் சார்."

"லாக்ல பாக்க என்ன இருக்கு? அஞ்சு, ஒண்ணுன்னு அச்சடிச்ச மாதிரி நிக்குது. அந்தக் கிரேன்காரம்மா நாலு நாலுதான் அமுக்கினேன்னு சாதிக்குது. புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" பேனாவை மேஜைமேல் வைத்தார், மூடாமலே. "வியாழக்கிழமை விசாரணை. அதுக்குள்ள அனுப்பியாகணும்."

அவர் போனதும் சல்லி, கிரேன் போன இடத்தையெல்லாம் பதிந்து வைக்கிற லாகைத் திறந்தாள். திரையில் அழகாகத் தெரிந்தது: லைன் 5, இடம் 1. அது அச்சடிக்கும்போது போட்டுக்கொள்கிற வேஷம் என்பது அவளுக்குத் தெரியும். உள்ளே நிஜமாகக் கிடப்பது என்ன என்று தோண்டினாள். ஒரே ஒரு எண். இருபத்தைந்து.

மனுஷன் லைன் என்கிறான், இடம் என்கிறான். மெமரிக்கு லைனும் கிடையாது, சுவரும் கிடையாது. அங்கே எல்லாம் ஒரே நீட்டு. முதல் லைனின் ஆறு இடம், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது லைனின் ஆறு இடம், இப்படியே நூற்றிருபது வரைக்கும். சொன்ன இடத்தை அந்த நீட்டில் கண்டுபிடிக்க, கம்பைலர் முன்னால் முடிந்துபோன லைன்களை ஆறால் பெருக்கி, கேட்ட இடத்தைக் கூட்டுகிறது. நாலு நாலு என்றால் மூவாறு பதினெட்டு, ஒரு நாலு, இருபத்திரண்டு. அஞ்சு ஒன்று என்றால் நாலாறு இருபத்துநாலு, ஒன்று, இருபத்தைந்து. லாக் அந்த இருபத்தைந்தை மட்டும் வைத்துக்கொண்டு, யாராவது கேட்டால் திருப்பிப் பிரித்து அஞ்சு ஒன்று என்று சொல்லும். அந்தம்மா விரல் எதைத் தொட்டது என்று அது பார்க்கவே இல்லை.

நாலு நாலு அழுத்த வேண்டியவள் அஞ்சு ஒன்று அழுத்த வேண்டுமென்றால் இரண்டு விரலும் தப்பியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில், வேறு வேறு பக்கம். சல்லி கடிதத்தின் பின்பக்கத்தில் கீபேடை வரைந்தாள். மேல்வரிசை ஏழு எட்டு ஒன்பது. நடுவில் நாலு அஞ்சு ஆறு. நாலுக்கு நேர் மேலே ஏழு. நாலு, ஏழு. மூவாறு பதினெட்டு, ஏழு...

பேனா நின்றது. இருபத்தைந்து.

நாலாவது லைனில் ஏழாவது இடமே கிடையாது. அந்த மாதிரி ஒரு இடத்தைக் கேட்டால் மெஷின் அங்கேயே நிற்க வேண்டும். நிற்க வைப்பதற்கென்றே கம்பைலர் ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்வி கேட்கும்: லைன் இருபதுக்குள் இருக்கிறதா, இடம் ஆறுக்குள் இருக்கிறதா. நிரல் மொழியின் கையேட்டில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. யார்டுக்காரர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் தங்கள் பக்கம் சோதனை வைக்காமல் விட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேகம் போதவில்லை என்று ஏசி வந்து நின்றார். இரண்டு கேள்வியை எடுத்துவிட்டு ஒரே கேள்வியாகப் போடு, மொத்த எண் நூற்றிருபதுக்குள் இருக்கிறதா என்று மட்டும் கேள் என்றார். "ஏழாவது இடம்னு யாராச்சும் கேட்டா?" என்று சல்லி அப்போது கேட்டாள். கேட்டாள்தான். "இல்லாத இடத்தை யாரும்மா கேப்பா?" என்றார் அவர். அவளும் சேர்ந்து சிரித்தாள். இரண்டு வரியை அழித்தாள். வேகம் நூற்றுக்குப் பதினொன்று கூடியது. ஒரு கண்ணாடிக் கோப்பை கொடுத்து, கைதட்டினார்கள். அதில்தான் இப்போது பேனா போட்டு வைத்திருக்கிறாள்.

மறுநாள் மதியம் யார்டுக்குப் போனாள். கிரேன்காரம்மாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. விசாரணை முடியும்வரை உள்ளே வராதே என்று சொல்லியிருந்தார்கள். உள்ளேதானே வரக்கூடாது என்று தினமும் ஷிப்ட் நேரத்துக்கு வந்து கேட்டுக்கு நேர் எதிரே பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாள். யார்டு மானேஜர் கார் வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நின்று, கண்ணாடிக்குள் இருக்கிற முகத்தை நேராகப் பார்க்கிறாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அகலமான தோள். முப்பது வருஷமாக மேலேயே உட்கார்ந்திருப்பதால் யார்டில் எல்லோருக்கும் அவள் கழுகக்கா. வேலை இல்லாத நாளிலும் இடுப்பில் கையுறையைச் செருகியிருந்தாள்.

சல்லி எந்தக் கம்பெனி என்று சொன்னதும் கழுகக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் எல்லாரும் சேந்து ஒரு பேப்பர் குடுக்கப் போறீங்களாமே. என்ன, எங்கிட்டயும் கையெழுத்து வேணுமா? பேனா கொண்டாந்தியா?"

"அக்கா, நீங்க அன்னைக்கு நாலு நாலு அமுக்கலை."

"எந்திரி."

"அஞ்சு ஒண்ணும் அமுக்கலை."

கழுகக்கா சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

"நாலு, ஏழு. கையுறை போட்டிருந்தீங்களா?"

"கூண்டுக் கண்ணாடி ஒடைஞ்சு மூணு மாசம் ஆச்சு. கையுறை போடாம மழைக்காத்துல மேல உக்காந்து பாரு, விரல் விறைச்சுப்போகும். எழுதிக் குடுத்தேன், யார் படிச்சா?" சட்டென்று நிறுத்தினாள். "ஏழாவது எடமே எங்களுக்குக் கிடையாதேடி. ஆறோட லைன் முடிஞ்சுது."

"கிடையாது. அதனாலதான் கிரேன் நின்னிருக்கணும். நிக்காம அடுத்த லைன்ல போய் எறக்கிடுச்சு. நிக்கச் சொல்ற ரெண்டு வரி இருந்துச்சு. அதை எடுத்தது நான்."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கேட்டுக்குள் திரும்பியது. கழுகக்கா அது போகும்வரை காத்திருந்தாள்.

"எடுத்ததுக்கு?"

"பரிசு குடுத்தாங்க."

கழுகக்கா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "சரியாத்தான் பங்கு பிரிச்சிருக்கீங்க. உனக்குப் பரிசு. அவனுக்குக் கட்டைக்கால். எனக்கு இந்த பெஞ்சு." கையுறையை உருவி மடியில் போட்டு, வலதுகை விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். "அப்ப என் விரல் தப்பினது நெசந்தாங்கற."

"தப்பியிருக்கும்க்கா."

"முப்பது வருஷத்துல ஒரு நாள் தப்பினதில்ல."

"முன்னாடியும் தப்பியிருக்கும், மெஷின் நின்னிருக்கும், நீங்க திட்டிக்கிட்டே மறுபடி அமுக்கியிருப்பீங்க. ஞாபகம் இருக்காது. விரல் தப்பும்னு தெரிஞ்சுதான் அந்த ரெண்டு வரியை வெச்சிருந்தது."

கழுகக்கா நீட்டிய விரல்களை மடக்கிக்கொண்டாள். பிறகு, "நாலு நாலுன்னு அடிச்சு சொல்லிட்டனே. ஆஸ்பத்திரியில அவன் பொண்டாட்டி கையப் புடிச்சு சொன்னேன்," என்றாள். கையுறையை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு, குரலில் பழைய கரகரப்பு திரும்ப, "இதையெல்லாம் வியாழக்கிழமை உள்ள வந்து சொல்லுவியா? இல்ல இந்த பெஞ்சுல எறக்கி வெச்சுட்டு பஸ் ஏறிடுவியா?" என்று கேட்டாள்.

பஸ் வந்தது. சல்லி ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

சாயங்காலம் வீட்டில் அம்மா முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மாவின் வலதுகைக் கட்டைவிரலில் ரேகை கிடையாது. கல்லும் சுத்தியலும் தின்றுவிட்டன. சல்லி விஷயத்தைச் சொன்னாள். கம்பைலர் அம்மாவுக்கு எட்டவில்லை. கையெழுத்து எட்டியது.

"போடலேன்னா வேலை போயிடுமா?"

"போகும்னுதான் நினைக்கிறேன்."

"ம்." முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். "குவாரியில வெடி வெக்கிறவன் ஒருத்தன் இருந்தான், உனக்கு ஞாபகம் இருக்காது. திரி மட்டமான திரி. பாதியிலயே வெடிச்சு ரெண்டு பேர் போயிட்டாங்க. அவன் குடிச்சிருந்தான்னு ஒரு பேப்பர் கொண்டாந்தானுங்க. பதினோரு பேர் கைநாட்டு வெச்சோம். நானும் வெச்சேன்."

"குடிச்சிருந்தானா?"

"அவன் குடிக்கவே மாட்டான்டி." அம்மா காலை நீட்டிப் போட்டாள். "அதுக்கப்புறம் அவன் வூட்டு வழியா நான் போனதில்ல. தண்ணிக் குடத்தோட சுத்திக்கிட்டுப் போவேன். இருபது வருஷம். வேற ஒண்ணும் ஆகல, கால்தான் வலிக்கும்." ஒரு கணம் மகளைப் பார்த்துவிட்டு, "வேலை போனா என்னை எதுக்கும் எதிர்பாக்காத. என்னால இனி கல்லு ஒடைக்க முடியாது," என்று சொல்லி எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமை, விசாரணை நடக்கிற யார்டின் பயிற்சி அறைக்கு வெளியே ஏசி நின்றுகொண்டிருந்தார். சல்லி தானே எழுதிக் கொண்டுவந்த கடிதம் இரண்டு பக்கம். அவர் வராந்தாவிலேயே நின்று படித்தார். முதல்முறையாக அவர் நெற்றியில் வேர்வை பார்த்தாள்.

"இது உங்க தலையிலதான் விடியும்மா. அழிச்சது நான்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். அழிக்கச் சொன்னது யாருன்னும் எழுதியிருக்கேன். ரெண்டாவது பக்கம், தேதியோட."

"அந்தம்மா அஞ்சு ஒண்ணு அமுக்கலேன்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

"முடியாது. அமுக்கினாங்கன்னு உங்களாலயும் முடியாது. நாலு ஏழுக்கும் அஞ்சு ஒண்ணுக்கும் ஒரே நம்பர்தான் வரும். அப்புறம் எதை வெச்சு அவங்க தப்புன்னு கையெழுத்துப் போடச் சொல்றீங்க?"

"பேசாம லீவு போட்டுட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன். நாளைக்கு ஆபீஸ்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கட்டும் சார்," என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே நீள மேஜை. யார்டு மானேஜர், இன்சூரன்ஸ்காரர், பாதுகாப்பு அதிகாரி. ஓரத்து நாற்காலியில் கழுகக்கா, இஸ்திரி போட்ட சட்டையில். மூலையில் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற கீபேடு, மேலே ஒரு திரை, பக்கத்தில் லாக் அடிக்கிற குட்டி பிரின்டர். யாரும் வரச் சொல்லாத சல்லி யாரென்று சொல்லி முடிப்பதற்குள் ஏசி பின்னாலேயே வந்து, எங்கள் கடிதம் இன்னும் இறுதியாகவில்லை என்று மழுப்ப ஆரம்பித்தார். சல்லி அவர் பக்கம் திரும்பவில்லை.

"பேச வேணாம் சார். ரெண்டு பொத்தான் அமுக்கிக் காட்டிட்டுப் போயிடறேன். அந்த மெஷின்ல ஓடறதும் எங்க கம்பைலர்தான்."

யார்டு மானேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையை அசைத்தார். சல்லி கீபேடு முன் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டே அழுத்தினாள். நாலு. ஏழு. திரையில் பொம்மை கிரேன் ஒரு நொடிகூட யோசிக்காமல் நகர்ந்தது. பிரின்டர் கரகரவென்று ஒரு துண்டைத் துப்பியது. பாதுகாப்பு அதிகாரி எழுந்து வந்து குனிந்து படித்தார்.

"லைன் அஞ்சு. இடம் ஒண்ணு."

"தற்செயலா இருக்கலாம்," என்றார் ஏசி. குரல் அவருக்கே எட்டியிருக்காது.

நாற்காலி தரையில் உரசியது. கழுகக்கா எழுந்து வந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சல்லியைத் தோளால் மெல்ல ஒதுக்கிவிட்டு, இடுப்பிலிருந்த கையுறையை உருவி, ஒவ்வொரு விரலாக நிதானமாக மாட்டிக்கொண்டாள். பிறகு கீபேடைப் பார்க்காமல் ஏசியின் முகத்தையே பார்த்துக்கொண்டு அழுத்தினாள். நாலு, ஏழு. அஞ்சு, ஒண்ணு என்றது பிரின்டர். மறுபடி நாலு, ஏழு. மறுபடி அஞ்சு, ஒண்ணு. இன்சூரன்ஸ்காரர் எழுதுவதை நிறுத்தினார். யார்டு மானேஜர், "சரிம்மா, போதும், புரிஞ்சுது," என்றார். அவள் விடவில்லை. அந்தத் தடித்த விரல் ஒரே தாளத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. காகிதச் சுருள் மேஜை விளிம்பைத் தாண்டி நீண்டு, தரையைத் தொட்டு, மடிந்து மடிந்து ஏசியின் பாலிஷ் போட்ட ஷூவை நோக்கி நகர்ந்தது. அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். காகிதம் வந்துகொண்டே இருந்தது.