மேயர் கிரீனின் சொந்தப் பெயர்

மேடை ஏறும் முன் என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.  மேயரான நாளிலிருந்து அந்த உயரத் தொப்பி இல்லாமல் அவர் தெருவில் இறங்கியதே கிடையாது. அடுத்த தேர்தல் நெருங்கிவிட்ட நேரம் வேறு.

"என்ன பண்ணப் போறீங்க?"

"பேரைச் சொல்லப் போறேன், ஹனோரா."

எந்தப் பேர் என்று எனக்குத் தெரியும். சுவரெல்லாம் ஒட்டியிருந்தது மோர்டிமர் கிரீன். அது கட்சித் தலைவர் கில்ஃபாயில் வைத்தது. பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்தில் கப்பலேறியபோது இவர் முர்த்தா ஹூனின். கூட வந்தவள் குட்டித் தங்கச்சி ஸைவ். கடல் தாண்டி இந்த நாட்டில் இறங்கியதும், காய்ச்சல்காரர்களை அடைக்கும் கொட்டகையில் பெரியவர்களை ஒரு பக்கம், குழந்தைகளை ஒரு பக்கம் பிரித்துப் போட்டார்கள். இவர் பிழைத்து எழுந்தபோது அவளை யாரோ வளர்க்க அழைத்துப் போயிருந்தார்கள். யார், எந்த ஊர், சொல்ல ஆளில்லை. காணாமற்போனவர்களைத் தேடும் பத்திரிகைப் பக்கத்தில் வருஷம் தவறாமல் விளம்பரம் கொடுத்தார். பதிலே வரவில்லை. பிறகுதான் இந்தப் பைத்தியக்கார யோசனை. மேயரானால் எல்லாப் பத்திரிகையிலும் பேர் வருமாம். அவளுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் யாராவது வாசித்துக் காட்டுவார்களாம். கல் உடைத்துக்கொண்டிருந்த மனுஷன் அதற்காகத்தான் அரசியலுக்கு வந்தார்.

அங்கேதான் கில்ஃபாயில் குறுக்கே விழுந்தான். "ஹூனினா? இங்க ஓட்டுப் போடுற ஜெர்மன்காரன் வாயில நுழையுமாய்யா அது? முதல்ல ஜெயி. அப்புறம் உன் பாட்டன் பேரையும் சேத்து வச்சுக்க."

ஜெயித்தார். 'கிரீன் பாலம் கட்டினார், கிரீன் சாக்கடை வெட்டினார்' என்றே பத்திரிகைகளில் வந்தது. "அவ காதுல விழுந்திருக்கும். யாரோ ஒரு கிரீன்னு விட்டிருப்பா" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைப்பார். எனக்குக் கில்ஃபாயிலின் மீசையைப் பிடுங்கி எறியலாம் போல ஆத்திரம் வரும்.

மேடையில் அவர் பாலத்தைப் பற்றிப் பேசவில்லை. அயர்லாந்தில் எங்கள் பக்கத்தில் வயலுக்கு வயல் ஆளைக் கூப்பிடும்போது அப்பன், பாட்டன் பேரையும் சேர்த்துக் கூப்பிடுவோம். அப்படிக் கத்தினார். "நான் முர்த்தா! ஷோன் மகன், தைக் பேரன்! ஸைவோட அண்ணன்! ஸைவ், எங்க இருக்க?"

யாரோ விசிலடித்தான். "மேயருக்கு இன்னைக்குத் தண்ணி ஜாஸ்தி" என்றான் இன்னொருவன். கூட்டம் சிரித்தது. "ஜெர்மன் வார்டு அத்தனையும் போச்சு" என்று கில்ஃபாயில் தலையில் அடித்துக்கொண்டான்.

போய்த்தான் விட்டது. தோற்றார்.

எங்கள் நகரத்தில் புத்தாண்டு அன்று பெரிய மனிதர்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் வந்து கைகுலுக்கிக் கேக் சாப்பிடலாம். இந்த வருஷம் நமக்கெதற்கு இந்த வம்பு என்றேன். கேட்கவில்லை. காலையில் ஒரு ஈ காக்கா வரவில்லை. கேக்கைப் பார்க்கவே எனக்கு அழுகை வந்தது.

மதியத்துக்கு மேல் பெண்கள் வந்தார்கள். வீட்டு வேலைக்காரிகள், ஆலையில் நூற்பவர்கள். ஒவ்வொரு முகத்தையும் இவர் ஆவலாகப் பார்ப்பார். அவள் இல்லை என்று தெரிந்ததும் தலை தொங்கிவிடும். ஒருத்தியும் கேக்கைத் தொடவில்லை.

"தங்கச்சியத் தேடுறவர் நீங்கதானேங்க?" என்றாள் துணி வெளுக்கும் ஒருத்தி. "என் தம்பி டோனல். லோர்கன் மகன். எங்கயாச்சும் கேள்விப்பட்டீங்களா?"

 இவர் அவளை வாசற்படிக்கு அழைத்துப் போய், கொட்டுகிற பனியில் வாயைக் குவித்துக் கத்தினார். "டோனல்! லோர்கன் மகனே! உங்கக்கா இங்க இருக்கா!"

மற்றவர்களும் நெருக்கியடித்துக்கொண்டு படிக்கு வந்தார்கள். அவரவர் தேடும் ஆளின் பேரை அவரவரே கத்தினார்கள். தெருவே அதிர்ந்தது.

எதிர்வீட்டு ஜன்னல் தடாரென்று திறந்தது. ஜெர்மன் விதவை ஓட்டிலி. என் வணக்கத்துக்கு ஒருநாளும் பதில் சொல்லாதவள். திட்டட்டும், திருப்பிக் கொடுக்கிறேன் என்று சால்வையை இழுத்துக் கட்டிக்கொண்டேன்.

அவள் எங்களைப் பார்க்கவில்லை. பாதி உடம்பை வெளியே நீட்டி, தெருக்கோடியைப் பார்த்து, "ஆல்வின்!" என்றாள்.  மறுபடியும், "ஆல்வின்!"

நாங்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு, அவளுக்குப் பதில் வருகிறதா என்று காதைத் தீட்டி நின்றோம்.