ஓரம் தெரியாத ஆட்டம்

எதிரி விமானம் எந்தப் பக்கமிருந்து வந்து தன்னை வீழ்த்தியது என்று கௌதமனுக்குத் தெரியவில்லை.

திரையின் நடுவில் வானம் காலியாகத்தான் இருந்தது. காலியான வானத்தில் அவனுடைய விமானம் சட்டென்று வெடித்துச் சிதறியது. காலையிலிருந்து அதே இடம், அதே சாவு.

வீடியோ கேம் கேசட்டை உருவி, வாயருகே வைத்து ஊதிவிட்டு, இடதுபக்கக் குவியலில் போட்டான். அது இனிமேல் முடியாது என்று கைவிட்டவற்றின் குவியல். வலதுபக்கம் இருந்தவை ஆடி முடித்தவை. இடதுபக்கம்தான் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. எதிரே சுவர் அலமாரியில் அட்டைகூடப் பிரிக்காதவை காத்திருந்தன.

தொண்ணூற்றிரண்டில் பாலிடெக்னிக் சேர்ந்தபோது ஆரம்பித்த பைத்தியம். டவுன்ஹால் பக்கம் உமர் பாரூக் கடையில் புதிதாக எது வந்தாலும் அவனுக்கு ஒன்று எடுத்து வைக்கச் சொல்லியிருந்தான். வாங்குவான், முக்கால்வாசியை ஆடமாட்டான். பரீட்சை முடியட்டும் என்றான். பிறகு வேலை கிடைக்கட்டும் என்றான். கணபதியில் அப்பாவின் லேத் பட்டறையிலேயே வேலைக்கு நின்ற பிறகு, ஆர்டர் குறையட்டும் என்றான். நல்ல பலகாரத்தைக் கடைசியில் தின்ன ஒதுக்கி வைப்பதுபோல ஒதுக்கி ஒதுக்கி வைத்தான். ஆட நேரம் கிடைத்தபோது கண் போய்க்கொண்டிருந்தது.

முதலில் இருட்டில்தான் தடுமாறினான். சத்தி ரோட்டில் நின்றிருந்த மாட்டு வண்டியில் பைக்கோடு போய் மோதினான். பிறகு பட்டப்பகலில் பட்டறைக் கதவின் விளிம்பு, சங்கிலி, தொங்குகிற பெல்ட் என்று பக்கவாட்டில் இருந்ததெல்லாம் அவனை இடித்தது. கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"விழித்திரை ஓரத்துல இருந்து கெட்டுக்கிட்டு வருதுங்க தம்பி. குழாய்க்குள்ள கண்ணை வெச்சுப் பாக்கற மாதிரி, தெரியற வட்டம் சுருங்கிக்கிட்டே போகும்."

"மருந்துங்க?"

"இப்போதைக்கு இல்லீங்க."

பிறகு அவர் கேட்டார். "அப்பா அம்மா சொந்தமா?"

"அம்மா, அப்பாவுக்கு மாமன் மகளுங்க."

"தங்கச்சி இருக்குதா? இருந்தா சொந்தத்துல குடுத்துராதீங்க. இந்தக் கோளாறு வெளிய தெரியாம ரெண்டு பக்கத்து ரத்தத்துலயும் இருந்தா, பொறக்கற குழந்தைக்கு வரலாம்."

அதை அவன் வீட்டில் சொன்ன இரவு அம்மா ராமாத்தாள் சாப்பிடவில்லை. அப்பா நஞ்சப்பன் மட்டும் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "இத மதிகிட்டச் சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

தங்கை மதிவதனிக்கு அவள் தாய்மாமன் மகன் பிரவின்குமாரை முடிப்பது என்பது பாவாடை சட்டைக் காலத்திலேயே பேசி வைத்தது. காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில், நல்ல பையன். அவளுக்கும் அவனைப் பிடிக்கும். அண்ணன் கண்ணுக்கு ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

இன்று மாமன் வீட்டார் வருகிறார்கள். நிச்சயத்துக்கான உப்புச்சக்கரை மாற்றிக்கொண்டால் வார்த்தை கொடுத்தது கொடுத்ததுதான். அதற்குப்பின் பேச்சில்லை.

கௌதமன் தடவி அடுத்த கேசட்டை எடுத்தான். சண்டை ஆட்டம். ஒரு காலத்தில் இதற்காகச் சோறு தண்ணீர் மறந்திருக்கிறான். இரண்டு நிமிடத்தில் அடி வாங்கி விழுந்தான். இடதுபக்கம். அடுத்தது கார் ரேஸ். அதுவும் இடதுபக்கம்.

கடைசியில் அவன் கை தானாகப் போனது ஒரு ஜப்பான் கேசட்டுக்கு. குளக்கரையில் ஒருவன் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பான். தக்கை மிதக்கும். அவ்வளவுதான் ஆட்டம். பிரித்த அன்றே, "இதையெல்லாம் ஒரு கேமுன்னு தலைல கட்டறீங்களே, தூக்கமில்ல வருது" என்று உமர் பாரூக்கோடு சண்டை போட்டிருக்கிறான். இப்போது ஒரு வாரமாக இதைத்தான் ஆடிக்கொண்டிருந்தான். தக்கை நடுத்திரையை விட்டு நகராது. தண்ணீரின் நிறம் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி மாறுவதை அப்போது கவனித்ததே இல்லை.

உண்மையாகவே பிடித்துப்போனதா? இல்லை, வேறு எதுவும் முடியாததால் பிடித்ததுபோல இருக்கிறதா? அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவனுக்கு ஜாய்ஸ்டிக்கை உடைக்கவேண்டும் போல இருந்தது.

பின்னால் அப்பாவின் செருப்புச் சத்தம்.

"அப்படியே உக்காந்துக்க" என்றார் நஞ்சப்பன். "அவங்க வந்தாலும் எந்திரிக்காத. ஆடிக்கிட்டே பேசு. வீடியோ கேம் ஆடற பையன் யார் மூஞ்சியையும் பாக்க மாட்டான். ஒருத்தரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

"அப்பா, மதியோட வாழ்க்கைங்கப்பா."

"அதுக்குத்தான் சொல்றேன். இது தெரிஞ்சா மாமன் வீடு மட்டுமில்ல, எவனும் இந்த வாசப்படி ஏற மாட்டான். நீ அவளுக்கு நல்லது பண்றதா இருந்தா வாய மூடிக்கிட்டு உக்காரு."

"டாக்டரு..."

"டாக்டரு கட்டி வெப்பாரா உன் தங்கச்சிய?"

அவர் போய்விட்டார். கௌதமன் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரகசியத்தை மறைக்க அப்பாவுக்குக் கிடைத்தது அவனுடைய பொம்மைப் பெட்டிதான்.

மதியம் வரவேண்டியவர்கள் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பல்லடத்தில் லாரி குறுக்கே நின்றுவிட்டதாம். இருட்டிவிட்டால் கௌதமனுக்கு ஒன்றும் தெரியாது. பகலென்றால் சமாளித்திருப்பான்.

"வாங்க மாமா, வாங்க அத்தை" என்றான், திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

"பாத்தியா, மாப்ள எந்திரிக்கக்கூட மாட்டேங்குது" என்று சிரித்தார் மாமா திருமூர்த்தி. மகனின் தோளைப் பிடித்தபடியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காலேஜு முடிச்சாலும் கொழந்தைதானுங்க" என்றாள் அத்தை ராசாத்தாள். "எங்க பிரவினும் இப்படித்தான். கொப்பரை காயறதுக்குள்ள ஒரு ஆட்டம் ஆடிப்போடுவான்."

பிரவின்குமார் கௌதமன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஒரு புதுக் கேசட்டை அவன் மடியில் வைத்தான். "உங்களுக்குத்தான் மச்சான். ரெண்டு பேரு ஆடற கார் ரேஸ். போடுங்க, ஒரு கை பாக்கலாம்."

மறுக்க ஒரு காரணம் தேடினான். கிடைக்கவில்லை.

திரை குறுக்கே இரண்டாகப் பிரிந்தது. மேல்பாதி அவனுக்கு, கீழ்ப்பாதி பிரவினுக்கு. கௌதமனின் வட்டம் நேராக நடுவிலிருந்த கருப்புக் கோட்டின்மேல் விழுந்தது. அவன் தன் காரைத் தேடிக் கண்ணை மேலே தூக்கினான். கார் கிடைத்தபோது ரோடு போய்விட்டது. ரோட்டைப் பிடித்தபோது கார் வேலியில் மோதிக் கிடந்தது.

"என்ன மச்சான், மாப்பிள்ளைக்கு விட்டுக்குடுக்கறீங்களா? கல்யாணம் ஆகட்டுங்க, அப்புறம் விட்டுக்குடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கௌதமனும் சிரித்தான். மறுபடி ஆடினார்கள். மறுபடி வேலி.

மூன்றாவது ஆட்டம் பாதியில் திரை சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது.

"போச்சுங்க கரண்டு" என்றாள் ராசாத்தாள்.

வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்திருக்கும். மற்றவர்கள் நடமாடும் சத்தம் கேட்டது. அவனுக்கு எல்லாம் கருப்பு. ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான். தோளில் அப்பாவின் கை வந்து அழுத்தியது.

"நல்ல நேரம் போறதுக்குள்ள உப்புச்சக்கரையை மாத்திப்போடலாமுங்க அண்ணி" என்றாள் ராசாத்தாள். "வெளக்கு ஒண்ணு இருந்தாப் போதும்."

"இதா, மெழுகுவத்தி தேடிட்டு வாரேன். அம்மணி, நீ மொதல்ல எல்லாருக்கும் காப்பி குடு" என்றாள் ராமாத்தாள் உள்ளிருந்து.

மதிவதனியின் கொலுசு அறைக்குள் வந்தது. முதலில் மாமன் பக்கம் போய் நின்றது.

"மாமா, காப்பி எடுத்துக்குங்க."

தம்ளர் எடுக்கும் சத்தம் கேட்கவில்லை. கௌதமன் தலையைத் தூக்கினான்.

"மாமா, உங்களுக்குத்தானுங்க."

"ம்... குடு கண்ணு, குடு" என்றார் திருமூர்த்தி. நாற்காலி கிறீச்சிட்டது. தட்டில் கை மோதும் சத்தம். தம்ளர் ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

"அடடா, கை பட்டுருச்சு" என்று மாமா சிரித்தார். அவசரமான சிரிப்பு. ராசாத்தாள் உடனே, "நான் எடுத்துத் தாரனுங்க, நீங்க சும்மா இருங்க" என்றாள்.

அந்தச் சத்தங்கள் கௌதமனுக்குத் தெரியும். பொருள் எங்கே இருக்கிறதென்று தெரியாத கை முதலில் தாமதிக்கும். பிறகு தேவைக்கு மேல் வேகமாக நீளும். பிறகு ஒரு சிரிப்பு வரும். ஒரு வருடமாக அவன் செய்துகொண்டிருந்தது அதுதான்.

மாமா உள்ளே வரும்போது மகனின் தோளைப் பிடித்திருந்தார்.

"மாமா" என்றான். அப்பாவின் விரல்கள் தோளில் இறுகின. "மதி இப்ப எங்க நிக்கறா, சொல்லுங்க பாக்கலாம்."

"என்ன மாப்ள கேள்வி இது?"

"எனக்குத் தெரியலீங்க மாமா. பகல்லயும் எனக்கு நடுவுல கொஞ்சம்தான் தெரியும். இருட்டுனா ஒண்ணும் தெரியாது. உங்களுக்கு?"

"கௌதமா" என்றார் நஞ்சப்பன் தணிந்த குரலில்.

திருமூர்த்திக்குப் பதிலாக ராசாத்தாள்தான் சொன்னாள். "அவருக்குச் சாதாரண மாலைக்கண்ணுங்க. பொன்னாங்கண்ணிக் கீரை குடுத்துக்கிட்டு இருக்கறேன். செரியாப் போயிரும்."

"எத்தனை வருஷமாக் குடுக்கறீங்க அத்தை?"

பிரவினின் குரல் மிக அருகில் கேட்டது. "எனக்குப் பத்து வயசு இருக்கும்போதிருந்து மச்சான். சாயந்திரமானா அப்பா மில்லை விட்டு வெளிய வர மாட்டாரு. உங்க வீட்ல தெரிஞ்சா மதியக் குடுக்க மாட்டாங்கன்னு அம்மா சொல்ல வேண்டாம்னாங்க."

கௌதமனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டு வீடும் ஒரே குறையை ஒன்றுக்கொன்று மறைத்துக்கொண்டு, மரியாதையாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறது.

அவன் சொன்னான். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். மெழுகுவத்தியோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள் போலிருக்கிறது. சின்னதாக ஒரு மஞ்சள் பொட்டு மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

"அப்ப எனக்கு?" என்றாள் மதிவதனி.

"உனக்குக் கண்ணு நல்லா இருக்குது. ரத்தத்துல இருக்குதான்னு தெரியாது மதி."

"அவருக்கு?"

"மாமாவுக்கும் இதே நோவுதான்னா, பிரவினுக்குக் கட்டாயம் இருக்கும். வெளிய தெரியாது."

அவளுடைய கொலுசு பிரவின் பக்கம் திரும்பியது. "கொழந்தை வேண்டாம்னு இருந்துக்கிட்டா?" என்றாள் பிறகு. பெரியவர்கள் முன்னால் அவள் அப்படிப் பேசுவாள் என்று அவன் நினைக்கவில்லை. அது கௌதமனுக்கான கேள்வியில்லை. பிரவினுக்கானது.

பிரவின் வாயைத் திறப்பதற்குள் ராசாத்தாள் எழுந்துவிட்டாள். "ஒத்தைக்கொரு பையனுங்க எனக்கு. வாங்க, போலாம். உப்பும் வேண்டாம், சக்கரையும் வேண்டாம்."

"அம்மா, இருங்க" என்றான் பிரவின்.

"அப்பன வண்டியேத்து. அப்புறம் பேசிக்கலாம்."

பிரவின் எழுந்தான். "மதி" என்றான். அப்பாவைப் பிடித்துக்கொண்டு அவன் நடந்தான். கதவருகே திருமூர்த்தி நின்றார்.

"மாப்ள" என்றார். "உனக்கு நடுவுல தெரியுதுன்னியே. எவ்வளவு?"

"உள்ளங்கை அளவுக்குங்க மாமா."

"எனக்கு இப்ப ஒரு ரூபாக் காசு அளவு" என்றார் அவர். அதைச் சொல்ல இத்தனை வருடம் காத்திருந்தவர்போல ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு மகன் இழுத்த பக்கம் போனார்.

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்பாவின் கை தோளில் இல்லை. எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. சுவர்ப் பக்கமிருந்து அம்மா அழுவது கேட்டது.

கொலுசுச் சத்தம் வாசலுக்குப் போனது. கௌதமன் எழுந்தான். கேசட் குவியல் காலில் சரிந்தது. அலமாரி முனை நெற்றியில் இடித்தது. கதவைத் தடவிப் பிடித்து வாசலுக்கு வந்தான். முகத்தில் காற்று பட்டது. தெருவிலும் விளக்கில்லை.

"மதி."

ஒரு அடி எடுத்து வைத்தான்.

"மதி, எங்க நிக்கற? ஒரு வார்த்தை சொல்லு."

மிகவும் பக்கத்தில் எங்கோ அவள் மூச்சு விடுவது கேட்டது. இடதுபக்கமா வலதுபக்கமா என்று பிடிபடவில்லை. கையை நீட்டினான். காற்றுதான் இருந்தது.

அவள் எங்கே நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை.