மூன்று பாய்லர்களும் ஒரு குல்லாவும்

ஒன்பது நாளாக எங்கள் கட்டடத்தின் நாற்பது வீட்டுக்காரர்களும் ஒற்றுமையாக இருந்தார்கள். கார் நிறுத்துவதிலும் குப்பை கொட்டுவதிலும் வராத ஒற்றுமை என்னைத் திட்டுவதில் வந்துவிட்டது. வெளியே பனி கொட்டுகிறது. அறைகளைச் சூடாக்கக் குழாய்களில் ஓடும் தண்ணீரோ கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் இருக்கிறது. பாய்லர்காரி தூங்குகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

தூங்க எனக்கும் ஆசைதான். எங்கே விட்டார்கள்?

பாய்லர் அறை அடித்தளத்தில் இருக்கிறது. அதை ஒட்டிய ஒற்றை அறையில் நான், என் வீட்டுக்காரர், மகள். வேலையோடு வந்த வீடு அது. வேலை போனால் வீடும் போகும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்னை அனுப்பிவிடத் தீர்மானம் வருகிறது என்று கட்டடச் சங்கச் செயலாளர் படியில் நின்றபடியே சொல்லிவிட்டார். அவர் இரண்டாம் மாடிக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கடிகாரத்துக்கே நேரம் சொல்லிக்கொடுக்கிறவர். பாய்லர்களில் கோளாறு ஒன்றும் இல்லை சார், வேறெங்கோ இருக்கிறது என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

என் வீட்டுக்காரர் அதற்குள் சாமான் கட்ட அட்டைப்பெட்டி தேட ஆரம்பித்துவிட்டார். ஆபத்துக் காலத்தில் அவருடைய துணை இப்படித்தான் இருக்கும்.

என்னிடம் மூன்று பாய்லர்கள்: பெரியவன், நடுவன், சின்னவன். மூவரும் ஒரே குழாயில்தான் தண்ணீர் விடுகிறார்கள். யார் எப்போது எரிய வேண்டும் என்பதைச் சுவரில் இருக்கும் கண்ட்ரோல் பெட்டி தீர்மானிக்கும். வெளியே குளிர் கூடினால் தண்ணீரின் சூட்டைக் கூட்டச் சொல்லும். பெரியவனால் முடியவில்லை என்றால் நடுவனை எழுப்பும். அவனும் திணறினால் சின்னவனை. இந்த ஒன்பது நாளும் பெரியவன் மட்டும் எரிந்து அணைந்துகொண்டிருந்தான். மற்ற இருவரும் மாமனார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாப்பிள்ளைகள் மாதிரி அசையவே இல்லை. பர்னரைக் கழற்றித் துடைத்தேன். பம்ப்பைப் பிரித்து மாட்டினேன். குழாய்களில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றினேன். பெட்டியை நிறுத்திவிட்டுக் கையால் ஓட்டினால் மூவரும் சமர்த்தாக எரிந்தார்கள். ஆனால் அப்படி விட்டுவிட்டு நகர முடியாது. தண்ணீர் கொதித்துக் குழாயைப் பிளந்துவிடும்.

சனிக்கிழமை காலையில், வேறு வழி தெரியாமல், அந்தப் பெட்டியில் பதினோரு வருஷமாகப் பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்தேன். வெளியே எத்தனை டிகிரி என்று பெட்டி நினைத்துக்கொண்டிருக்கிறதோ அது அங்கே தெரியும். பதினெட்டு என்றது. வாசலில் வாளித் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். வாங்கிய திட்டில் கால் பங்கு எனக்குச் சேர வேண்டியதுதான். மீதி முக்கால் யாருக்கு என்று தேடிப் போனேன்.

வெளிக்குளிரை அளந்து கீழே சொல்ல, வடக்குச் சுவரில் சோப்பு டப்பா அளவில் ஒரு சென்சார் உண்டு. அது இருப்பது செயலாளர் வீட்டுப் பால்கனியில். அவர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி கதவைத் திறந்தார். நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். இரண்டு ஸ்வெட்டர் போட்டு, மேலே போர்வையும் சுற்றியிருந்தார். பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன்.

சென்சாருக்குச் சிவப்புக் கம்பளியில் ஒரு குல்லா. காதுமடல் வைத்துப் பின்னி, கயிறு கோத்து, முடிச்சும் போட்டிருந்தது.

"பாவம், பனியில விறைச்சுப்போய் நின்னுது," என்றார் அக்கா. "பொதுச் சொத்து, கெட்டுப்போயிடக் கூடாதுன்னு அவர்தான் பின்னச் சொன்னாரு. ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு."

பால்கனித் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்சம் அழுகையும் கலந்திருந்தது. வீட்டுச் சுவரின் கதகதப்பைக் குல்லாவுக்குள் பிடித்து வைத்துக்கொண்டு, வெளியே வெயில் காலம் வந்தாயிற்று என்று அது கீழே சேதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

"அது நடுங்கணும்க்கா," என்றேன். "அது நடுங்கினாத்தான் நாம நடுங்காம இருப்போம்."

குல்லாவைக் கழற்றி அவரிடமே கொடுத்தேன். நான் இறங்கி வருவதற்குள் நடுவன் எரியத் தொடங்கியிருந்தான். சற்று நேரத்தில் சின்னவனும் எழுந்துகொண்டான். சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டிலும் போர்வைகள் மடிக்கப்பட்டுவிட்டன.

மறுநாள் கூட்டம் வாசல் கூடத்தில் நடந்தது. அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பது செயலாளரின் முகத்திலேயே தெரிந்தது. என்னைப் பார்க்காமல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தே பேசினார். சிறு தொழில்நுட்பக் கோளாறாம், சரிசெய்தாயிற்றாம். எனவே தீர்மானத்தை ஒரு மாதம் தள்ளிவைத்து, பாய்லர்காரியின் போக்கைக் கவனிக்கலாமாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை தப்பியதே போதும், வாயை மூடு என்று வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். நான் எழுந்தேன்.

"என்ன கோளாறுன்னும் சொல்லிடுங்க சார். எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்."

பின்வரிசையில் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நானே சொல்லியிருக்கலாம். ஆனால் அது செயலாளர் வாயால் வர வேண்டும் என்றிருந்தது. அவர் காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"கோளாறு நான்தான்," என்றார். "இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல."

பிறகு குல்லாக் கதையைக் காதுமடல் உட்பட ஒன்று விடாமல் சொன்னார். நாற்பது வீடும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். அவர் தீர்மானத்தை நாலாகக் கிழித்துப் போட்டார். அப்புறம் சுத்தக்காரர் அல்லவா, தரையில் கிடந்த துண்டுகளை இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பொறுக்கத் தொடங்கினார். பக்கத்தில் நின்றவள் நான்தான்; உதவியிருக்கலாம். உதவவில்லை. ஒன்பது நாள் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நாலு துண்டுதானே, பொறுக்கட்டும்.