நான்காணிப் பாவை

கடலை அணுகுந்தோறும் விரிந்து செல்லும் லுவார்ப் பேராறு, இளவேனிற் காலைப் பனியைப் பாலாடைபோற் போர்த்து, நாந்து நகரின் பாலங்களின் கீழே ஓசையின்றி ஊர்ந்துகொண்டிருந்தது. ஆற்றை நோக்கிய மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், சாளரத்தருகே அமர்ந்திருந்தான் எர்வான். கான்கால் என்னும் கடற்கரையூரில் சிப்பி வளர்ப்பவன். உப்புநீரிலும் சிப்பியோட்டு விளிம்பிலும் இருபதாண்டு உழன்று மரப்பட்டைபோல் தடித்த அவன் கைகளுக்குள், தலையில் நான்கு சிற்றாணிகளும் உச்சிமுதல் அடிவரை ஒரு துளையும் கொண்ட, நூலிற் கயிறு பின்னும் மரப்பாவையொன்று சிறைப்பட்டுக் கிடந்தது.

அப்பாவை அவன் மகள் எனோராவினுடையது. எட்டு அகவைச் சிறுமியின் இதயச் சுவரிற் பிறவியிலேயே இருந்த துளையை அடைக்க, சற்றுமுன்தான் அவளை அறுவை அறைக்குள் கொண்டுசென்றனர். செல்லுமுன், படுத்தபடியே அவள் தந்தைக்குப் பாடம் நடத்தினாள்: நூல்முனையைத் துளைவழியே கீழே விடவேண்டும், ஆணிதோறும் ஒரு சுற்றுச் சுற்றவேண்டும், மேலே மீண்டும் நூலை வைத்து, அடியிலுள்ள நூல்வளையமாகிய கண்ணியை ஊசியால் தூக்கி ஆணியின் தலைக்கு அப்பால் தள்ளவேண்டும்.

"நான் முழிக்கிறப்போ கயிறு அடியில எட்டிப் பாக்கணும்ப்பா. ஏமாத்தக் கூடாது."

கைக்குழந்தையுடன் ஊரிலிருந்த மனைவி நோல்வெனும் உடனில்லை. சிப்பிமூட்டைக்கு முடிச்சிட்டுப் பழகிய அவன் கை, சிவப்புக் கம்பளிநூலையும் அவ்வாறே இறுக்கியது. ஊசி நுழைய இடமின்றித் திணறியது. வலிந்து நெம்பவே கண்ணிகள் துள்ளி விழுந்து, சுற்றிய அனைத்தும் குலைந்தன. மும்முறை இவ்வாறாயிற்று. பேதைமையென்று அறிந்தும், நழுவிய கண்ணி ஒவ்வொன்றிலும் மகளின் உயிரே நழுவியதாக எண்ணி அவன் வியர்த்தான். கணவனின் அறுவைக்காக எதிரே காத்திருந்த ஒதீல் என்னும் பெண், நெடும்பொழுது நோக்கியிருந்து வாய்திறந்தாள்.

"நூல் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு? கொஞ்சம் விட்டுப் பிடிங்க. ஓடிப் போயிடாது."

நாணி, விரல்களைத் தளர்த்தினான். கண்ணி எளிதிற் புரண்டது, அடுத்ததும் புரண்டது. சுற்றுமேற் சுற்றாகச் சென்றும் கீழே யாதும் தோன்றவில்லை. எனினும் அவன் நிறுத்தவில்லை. உச்சிவேளை கடந்தபின் வால்நூலை மெல்ல இழுத்தபோது, விரல்நுனி அளவிற் சிவந்த கயிறொன்று பாவையின் அடியில் தலைகாட்டிற்று. அவ்வேளையிலேயே கதவு திறந்து, அறுவை மருத்துவர் வந்தார்.

"துளைய அடைச்சாச்சு, ஐயா. இதயம் தானாவே நல்லா அடிக்குது."

மனைவியைத் தொலைபேசியில் அழைத்தவனுக்கு விம்மலே முந்தி வந்தது. மறுமுனையில் அவள் வேறுவிதமாக எண்ணிவிட்டாளென உணர்ந்து, பதறி, "நல்லா இருக்கா, நோல்வென். நல்லா இருக்கா," என்றான். அதன்பின் இருவரும் அழுதனர்.

மாலையில் எனோரா கண்விழித்து, தந்தை நீட்டிய கயிற்றைக் கண்சுருக்கிப் பார்த்தாள்.

"கோணலா இருக்கு," என்று முணுமுணுத்து மீண்டும் துயின்றாள்.

அக்குறைகூறலைக் கேட்க அவன் அன்றைப் பகல் முழுதும் தவங்கிடந்தான் அன்றோ? பெற்ற பிள்ளை மூச்சுவிட்டுப் பழிக்கும் பழியினும் இனிய புகழ் இவ்வுலகில் இல்லையென உணர்ந்தவனாய், அவள் மார்பு எழுந்து தாழ்வதை நோக்கியவாறு, அடுத்த சுற்றைத் தொடங்கினான்.