இன்பாக்ஸில் இடமில்லை

திவ்யா ஐம்பது ஐம்பதாக அழித்துக்கொண்டிருந்தாள். ‘ஒரே வாரத்தில் விற்பனையை இரட்டிப்பாக்குங்கள்’, ‘இந்தத் தவறை நீங்களும் செய்கிறீர்களா?’, ‘திவ்யா, இன்றுதான் கடைசி நாள்!’ என்று வரிசை கட்டி நின்ற மின்மடல்கள், அவள் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் காணாமல் போயின. போன இடத்தில் அடுத்த ஐம்பது வந்து நின்றது. கைக்கெட்டும் தூரத்தில், கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டிக்குள் அவளுடைய மாமியார் அழகம்மாள் படுத்திருந்தாள்.

“மாமியா செத்துக் கெடக்கா. மருமக போனைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கா.”

“யாவாரம் நின்னுறக் கூடாதுல்ல!”

சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் அவள் காதில் விழும்படியேதான் பேசினார்கள். திவ்யா அடுத்த ஐம்பதைத் தொட்டாள்.

விடியற்காலையில் காபி கேட்ட அத்தை, அதை ஆற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாள். ஒரே மகன் அழகுராஜாவுக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் வேலை. கப்பல் நடுக்கடலில் இருந்தது. அடுத்த துறைமுகத்தைத் தொடவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கடலில் இருக்கும்வரை அவனிடமிருந்து வருவதென்றால் மின்மடல் ஒன்றுதான். சென்னையில் இருந்த கப்பல் கம்பெனிக்காரர்கள் தகவலை அவனுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு அவர்களே கூப்பிட்டார்கள்.

“மேடம், உங்க ஹஸ்பெண்ட் உங்களுக்கு மெயில் போட்டிருக்கார். உங்க இன்பாக்ஸ் ஃபுல்லுனு திரும்பிப் போயிருச்சாம். கொஞ்சம் இடம் பண்ணி வைங்க. மறுபடி அனுப்பச் சொல்றோம்.”

அப்போது உட்கார்ந்தவள்தான்.

வாசல் பந்தலிலிருந்து நல்லகாமன் உள்ளே வந்தார். அழகம்மாளின் புருஷனுக்கு அண்ணன். தம்பி போய்ச் சேர்ந்த பிறகு இந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டதுக்கு அவர் சொல்தான்.

“என்னத்தா, தகவல் வந்துச்சா?”

“இன்னும் இல்ல பெரிய மாமா. வந்துரும்.”

“பொழுது சாயுறதுக்குள்ள எடுத்தாகணும். யாரு கொள்ளி வைக்கிறதுன்னு கேட்டு விட்டதுக்கு அவன் வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா போதும். நானா ஒருத்தன் கையில குடுத்துட்டு, நாளைக்கு அவன் வந்து ‘எங்க ஆத்தாளுக்கு இவன் யாரு’ன்னு கேட்டா, நான் எந்தச் செவத்துல போயி முட்டிக்கிறது?”

‘இவன்’ யார் என்று எல்லோருக்கும் தெரியும். பந்தலின் கடைசி நாற்காலியில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த பாண்டிராஜ். அழகுராஜாவின் சித்தப்பா மகன். முறைப்படி அவன்தான் வைக்க வேண்டும். ஆனால் அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் ஒரு காளையை யார் பேரில் அவிழ்ப்பது என்று தொடங்கிய சண்டையில், அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அழகுராஜா கப்பலேறியதும் பாண்டிராஜ் முருங்கைக்காயும் கீரையும் வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பெரியம்மாவைப் பார்க்க வருவான். இது திவ்யாவுக்கு மட்டுமே தெரியும். “ராஜாட்ட சொல்லிப்புடாதத்தா. கடல்ல கெடக்குற புள்ள, மனசு சங்கடப்படும்” என்று அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள்.

நல்லகாமன் வெளியே போனார். கட்டைவிரல் மறுபடி ஓடியது.

திவ்யா குழந்தைகளுக்கான பருத்திச் சட்டைகளை இணையத்தில் விற்கிறாள். நாகமலை புதுக்கோட்டையில் இந்த வீட்டின் முன்னறைதான் கடை, சரக்கு வைக்கும் கிட்டங்கி எல்லாம். தொழில் தொடங்கிய புதிதில், யார் எதைச் சொல்லித் தருகிறேன் என்றாலும் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தாள். விளம்பரம் போடக் கற்றுத் தரும் பெங்களூர்க்காரர், சட்டையை அழகாகப் போட்டோ எடுக்கச் சொல்லித் தரும் அம்மாள், அட்டைப்பெட்டி விற்பவர், யாரென்றே நினைவில்லாத வெளிநாட்டுக்காரர்கள். ஆளுக்குத் தினம் ஒரு மடல். படிக்க நேரமில்லை. நிறுத்தவும் பயம். நிறுத்திய மடலில்தான் அந்த உருப்படியான யோசனை வந்துவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒழுங்குபண்ண வேண்டும் என்று வாராவாரம் நினைப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்சல் கட்டினாள்.

பார்சலுக்கு முகவரிச் சீட்டு ஒட்டிக்கொண்டே, மடல் வந்து போன் மணியடிக்கும்போதெல்லாம் அத்தை சிரிப்பாள். “கலெக்டருக்குக்கூட இம்புட்டு மனு வராதுத்தா!”

எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிடலாம்தான். ஆனால் நடுநடுவே வாடிக்கையாளர்களின் ஆர்டர்களும் திருப்பூர் துணிக்காரரின் பில்களும், இத்தனை காலம் கப்பலிலிருந்து அவன் எழுதியவையும் கலந்து கிடந்தன. பார்த்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அழகம்மாளின் தங்கை கனகா ஒரு டம்ளர் சோடாவைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“இதக் குடி. அந்தக் கருமத்தை நாளைக்குப் பாத்துக்கலாம். எங்கக்கா மொகத்தைப் பாருடி. இன்னுஞ் செத்த நேரந்தான இருப்பா.”

திவ்யா பார்த்தாள். கண்ணாடியில் ஈரம் படிந்து முகம் மங்கலாகத் தெரிந்தது. முந்தானையால் துடைத்தாள். வெளிப்பக்கம் துடைத்து என்ன ஆகும்? ஈரம் அப்படியே இருந்தது.

“அவுக மெயிலுக்குத்தான் சின்னத்தை இடம் பண்றேன்” என்றாள்.

“கடுதாசி வர்றதுக்கு எடம் பண்ணணுமா? என்னமோ போ.”

கழுத்து வலித்தது. ஆயிரக்கணக்கில் அழித்தாயிற்று. இன்பாக்ஸைத் திறந்து பார்த்தால், மேலே சிவப்பு எழுத்து அசையாமல் நின்றது. இடமில்லை. அழித்ததெல்லாம் எங்கேதான் போனது?

பிறகுதான் உறைத்தது. அழித்தவை எங்கும் போகவில்லை. குப்பைப் பெட்டியில் போய்க் குவிந்து, அங்கேயும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. காலையிலிருந்து அவள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத்தான் பெருக்கித் தள்ளியிருக்கிறாள். நிரந்தரமாக நீக்கிவிடவா என்று போன் கேட்டது. நீக்கினாள். சிவப்பு எழுத்து போயிற்று. உடனே சென்னைக்குக் கூப்பிட்டாள்.

“இடம் இருக்கு சார். அனுப்பச் சொல்லுங்க.”

வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. போன் மணியடித்தது. எடுத்தாள். ‘உங்களைக் காணாமல் தவிக்கிறோம், திவ்யா’ என்று எழுதியிருந்தார் அட்டைப்பெட்டிக்காரர். மறுபடி மணி. ஆடித் தள்ளுபடிக்கு இப்போதே தயாராகுங்கள். மறுபடி. மறுபடி.

தெருவில் கொட்டுச் சத்தம் நெருங்கியது. நீர்மாலைக்குப் போனவர்கள் குளிப்பாட்டத் தண்ணீர்க் குடங்களோடு திரும்பிவிட்டார்கள். யாரோ ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினார்கள். கனகா பெருங்குரலெடுத்து அழுதாள். அந்தச் சத்தத்தில் மணி அடித்தது கேட்கவில்லை. கையில் போன் அதிர்ந்ததுதான் தெரிந்தது.

அவன்தான். கப்பல் கணினியில் தமிழ் எழுத்து கிடையாது. எப்போதும்போல ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தான்.

‘அம்மாவைப் பச்சத் தண்ணியில குளிப்பாட்ட விடாத திவ்யா. நெஞ்சுல சளி கட்டிரும். வெதுவெதுன்னு ஊத்தச் சொல்லு.’

அவ்வளவுதான். அவள் விரலால் கீழே தள்ளிப் பார்த்தாள். கம்பெனியின் முகவரி வந்தது. அதற்கும் கீழே ஒன்றுமில்லை.

“என்னத்தா, அவனா? என்ன சொல்றான்?” நல்லகாமன் நிலைப்படியில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் பாண்டிராஜ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டு, எழுந்தது தப்போ என்பதுபோல் தூணைப் பிடித்துக்கொண்டான். கொட்டுக்காரர்கள்கூட நிறுத்தியிருந்தார்கள்.

திவ்யா போனைத் திரை உள்பக்கம் இருக்கும்படி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

“பாண்டிராஜ் தம்பி வைக்கட்டுமாம்.”

“அவனே சொல்லிட்டானா?”

“ஆமா மாமா.”

நல்லகாமன் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். “அப்பறம் என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? சட்டையைக் கழட்டு.”

பாண்டிராஜின் விரல்களுக்குப் பித்தான் பிடிபடவில்லை. “அண்ணனா சொல்லுச்சு, மதினி?” என்றான்.

அவள் தலையாட்டினாள். கரைக்கு வந்து அவன் கூப்பிடட்டும், சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு இறக்கி வைத்திருந்த குடங்களில் ஒன்றை இடுப்பில் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பெரிய குண்டானை அடுப்பில் வைத்துத் தண்ணீரை ஊற்றினாள். லைட்டர் சத்தம் கேட்டதும் கனகா மூக்கைச் சிந்தியபடி ஓடிவந்தாள்.

“அடியே! பொணம் கெடக்கையில அடுப்புப் பத்த வைக்கக் கூடாதுடி! ஊரே காறித் துப்பும்.”

“அவுக சொல்லிருக்காக சின்னத்தை. அத்தைக்குப் பச்சத் தண்ணி ஆகாதாம்.”

திவ்யா போனை நீட்டினாள். கனகா அதை வாங்கவில்லை. குண்டானை எட்டிப் பார்த்தாள். பிறகு அடுப்படிக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து, தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள்.

“இன்னுங் கொஞ்சம் காயட்டும்” என்றாள்.