விடுங்க மச்சான்

டைல்ஸ் கடைக்காரருக்குத் தண்ணீர் என்றால் குளியலறையோடு சரி. அதுவும் தரையின் சாய்மானம் ஒழுங்காக இருக்கிறதா, ஊற்றிய தண்ணீர் ஓட்டையைத் தேடி ஓடுகிறதா என்று பார்ப்பதோடு சரி. அப்பேர்ப்பட்டவர் விடிந்தும் விடியாததுமாக அரைக்கால் சட்டையும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுமாகக் கடற்கரையில் நின்றதற்குக் காரணம் தங்கை. தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அவருக்கு அவள் பாப்பாதான். பாப்பா போனில் அழுதால் அவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். கடையில் அப்படி ஒருநாளும் ஆட்டியது கிடையாது.

"அண்ணா, அவரு நான் சொன்னா கேக்க மாட்டாரு. தனியா போறதுதான் எனக்குப் பயம். நீ கூடப் போயேன்."

"நான் போய் என்னம்மா பண்ணப் போறேன்? எனக்கு நீச்சலே அரைகுறை."

"நீ நீந்தவே வேணாம். பக்கத்துல இரு, போதும். கடைக்கு வர்றவங்களையெல்லாம் பேசியே வளைக்கிற, வீட்டு மாப்பிள்ளையை வளைக்க மாட்டியா? பத்திரமா கூட்டிட்டு வந்துடுவேன்னு சொல்லு."

"கூட்டிட்டு வந்துடுவேன்."

"சும்மா சொல்லாத."

"அட, கூட்டிட்டு வந்துடுவேம்மா."

மாப்பிள்ளை டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பழகப் போனவர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்த பெயர் கிளட்ச் வாத்தியார். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுகிறவன் உயிர், தன் உயிர், எதிரே வருகிறவன் உயிர் மூன்றையும் ஒரே பிரேக்கில் மிதித்துக் காப்பாற்றுகிற பிழைப்பு. "மெதுவா விடுங்க... இன்னும் விடுங்க... டக்குனு காலை எடுக்காதீங்க!" தூக்கத்தில்கூட இதைத்தான் உளறுவாராம். அப்படி ஒரு மனுஷனுக்கு வாரத்தில் ஒருநாளாவது யாரும் குறுக்கே வராத ஒரு இடம் வேண்டியிருந்தது. நிலத்தில் அப்படி இடம் எங்கே இருக்கிறது? கடலுக்குப் போனார். முதலில், ஒரு ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற கயாக் படகு ஒன்று வாங்கினார். பிறகு, துணைக்கு யாராவது வருவார்கள் என்று இன்னொன்றும் வாங்கினார். துணைதான் கிடைக்கவில்லை, மச்சான் மாட்டும் வரைக்கும்.

"என்ன மச்சான், மூஞ்சி இப்படி இருக்கு? மீன் பிடிக்கப் போறோம், துக்கத்துக்கு இல்ல."

"இல்ல மாப்ளே, மார்க்கெட்லயே மீன் கிடைக்குது. செத்துக் கிடக்கும். பேரம் பேசினா எதிர்த்துப் பேசாது. இது உசுரோட இருக்கிறதைத் தேடிப் போய்..."

"நாமளே பிடிச்சுச் சாப்பிட்டா அந்த ருசியே வேற."

"மீனும் நம்மளைப் பார்த்து அதையேதான் நினைக்கும்."

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தூண்டில்களைப் படுக்கப் போட்டுக் கட்டினார், இரைப் பெட்டியை மூடிக் கட்டினார், நங்கூரக் கயிற்றைச் சுருட்டிச் செருகினார். அலையைத் தாண்டும்வரை படகில் எதுவும் நிமிர்ந்து நிற்கக் கூடாதாம். தூண்டில் முள் பறந்து வந்தால் அதற்கு மீனும் ஒன்றுதான், நம் கன்னமும் ஒன்றுதான்.

பிறகு பாடம் ஆரம்பித்தது. பாடம் எடுக்காமல் அந்த மனுஷனால் கதவைக்கூடத் திறக்க முடியாது.

"அலை தனித்தனியா வராது மச்சான், கூட்டமா வரும். பெரிய கூட்டம் ஒண்ணு வந்து உடைஞ்சதும் கொஞ்ச நேரம் ஓஞ்சு கிடக்கும். அந்த ஓய்ச்சல்ல புகுந்து போயிடணும். மூக்கு நேரா அலையைப் பாத்தே இருக்கணும். கொஞ்சம் கோணினாலும் புரட்டிடும். முதல்ல நான் போறேன். நீங்க இடுப்பளவு தண்ணியில நின்னு பின்பக்கப் பிடியைப் பிடிச்சுக்கங்க. நான் அலையைப் பாத்து 'விடுங்க'ன்னு சொல்லுவேன், விட்டுடுங்க. அந்தப் பக்கம் போய் நான் காத்திருப்பேன். நான் போறதைப் பாத்துக்கிட்டு அதே மாதிரி நீங்க வந்துடுங்க. முதல் நாள் யாரா இருந்தாலும் வேடிக்கைதான் பாக்கணும்."

கடைக்காரர் பணிவாகத் தலையாட்டினார். மனசுக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அந்தப் பக்கம் போய்விட்டால் போதும். இங்கிருந்து வயிற்றைப் பிடித்துக்காட்டிக் கையை ஆட்டிவிட்டு, காருக்குப் போய், பிளாஸ்கில் இருக்கிற டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். மீனோடு திரும்பி வருகிறவரைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போனால் பாப்பாவுக்குக் கொடுத்த வாக்கும் காப்பாற்றப்பட்டுவிடும். கடலிலும் இறங்காமல் பழியும் வராமல் தப்பிக்கிற இந்த ஏற்பாட்டில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தண்ணீர் குளிர்ந்தது. இடுப்பளவு என்று மாப்பிள்ளை சொன்னது அவருடைய இடுப்பை; கடைக்காரர் குள்ளம். ஒவ்வொரு அலையும் வயிற்றில் அறைந்து மார்புவரை ஏறியது. காலடி மணலைப் பின்வாங்கும் தண்ணீர் உருவிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை கயாக்கில் காலை நீட்டி உட்கார்ந்து, துடுப்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, சிக்னலில் நிற்கிற ஆள் மாதிரி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கூட்டம் வந்து உடைந்தது. போகவில்லை. இன்னொரு கூட்டம். அதற்கும் போகவில்லை.

"என்ன மாப்ளே, போலாமா?"

"இருங்க, இருங்க. இன்னைக்கு ஓய்ச்சலே சரியா இல்ல."

கடைக்காரருடைய விரல்கள் விறைத்துப் பிடி எது கை எது என்று தெரியாமல் போய்விட்டது. பிளாஸ்கின் மூடியைத் திருகித் திறந்து, ஆவி முகத்தில் படுவதுவரை மனசுக்குள் நடத்திப் பார்த்துவிட்டார்.

அப்போது தூரத்தில் தண்ணீர் கறுத்துத் திரண்டது. மாப்பிள்ளை என்னவோ சொன்னார். பக்கத்தில் ஒரு அலை உடைந்த இரைச்சலில் முன்பாதி போய்விட்டது. பின்பாதி மட்டும் தெளிவாகக் கேட்டது.

"...விடுங்க மச்சான்!"

கடைக்காரர் விட்டார். விட்டதோடு நிற்கவில்லை, போய்த் தொலையட்டும் என்று இரண்டு கையாலும் ஒரு தள்ளும் தள்ளினார்.

கயாக் வழுக்கிக்கொண்டு போனது. மாப்பிள்ளையின் துடுப்பு இன்னும் குறுக்கேதான் இருந்தது. அதை அவர் நிமிர்த்திப் போடுவதற்குள் முதல் அலை வந்துவிட்டது. எப்படியோ அதில் ஏறித் தாண்டினார். கடைக்காரர் "அப்படிப் போடு!" என்று கத்தக்கூடச் செய்தார். இரண்டாவது அலை உடையப்போகிற நேரத்தில் கயாக் அதன் நெற்றியில் ஏறி, மூக்கு வானத்தைப் பார்க்கச் சுவர் மாதிரி நின்று, அப்படியே பின்னால் கவிழ்ந்தது. அதற்குக் கீழே மணல்திட்டு. தண்ணீர் முழங்காலளவுகூட இருக்காது.

மாப்பிள்ளை கையைத் தூக்கவில்லை, கத்தவில்லை. ஆரஞ்சு ஜாக்கெட் மட்டும் நுரையில் குப்புற மிதந்து கரையைப் பார்த்து வந்தது.

அரைகுறை நீச்சல்காரர் விழுந்து, எழுந்து, உப்புத் தண்ணீரைக் குடித்து, அந்த ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துப் புரட்டினார். காலையில் ஓட வந்த ஒரு ஆள் ஷூவோடு தண்ணீரில் இறங்கி, "கழுத்தை ஆட்டாதீங்க! கழுத்தை ஆட்டாதீங்க!" என்று கத்திக்கொண்டே வந்தார். இரண்டு பேருமாகக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். அந்த ஆள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சாலைப் பக்கம் ஓடினார்.

மாப்பிள்ளைக்கு நினைவு இருந்தது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"மச்சான்."

"இங்கதான் இருக்கேன் மாப்ளே. ஒண்ணும் இல்ல, ஒண்ணும் ஆகல."

"என் கையைப் பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இறுக்கியா?"

கடைக்காரர் அந்தக் கையை எலும்பு நொறுங்கும் அளவுக்கு இறுக்கிக்கொண்டிருந்தார். "ஆமா," என்றார்.

"சரி," என்றார் மாப்பிள்ளை. கொஞ்ச நேரம் மேலேயே பார்த்தார். மூச்சு அரைமூச்சாக வந்தது. "வேணாம்னுதானே மச்சான் சொன்னேன். இன்னைக்கு வேணாம், திரும்பிடலாம், விடுங்கன்னு..."

அதில் கோபம் இல்லை. பழக வந்தவன் இடப்பக்கம் என்றால் வலப்பக்கம் திருப்பியதற்கு வாத்தியார் காரணம் கேட்பது போலத்தான் இருந்தது.

முன்பாதி காதில் விழாததால் மட்டும் கடைக்காரர் தள்ளிவிடவில்லை. அவர் பிழைப்பே அந்த ஒரு வார்த்தையில்தான் ஓடியது. கடையில் "விடுங்க" என்று சொல்லாத வாடிக்கையாளர் கிடையாது. வாசலைப் பார்த்துச் சொன்னால் நிஜமாகவே கிளம்புகிறான். கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். டைல்ஸைத் தடவிக்கொண்டே சொன்னால் இன்னும் குறைப்பார்களா என்று பார்க்கிறான், கண்டுகொள்ளக் கூடாது. பெண்டாட்டி முகத்தைப் பார்த்துச் சொன்னால் வியாபாரம் முடிந்த மாதிரி. எத்தனையோ விடாக்கண்டன்கள் சொன்ன "விடுங்க"வை வார்த்தையை வைத்து அல்ல, கழுத்து திரும்புகிற பக்கத்தை வைத்தே எடை போட்டவர். தண்ணீரில் மாப்பிள்ளை கழுத்தைத் திருப்பிக் கரையைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். புறப்படுகிறவன் எவனும் பின்னால் திரும்பிப் பார்த்துச் சொல்ல மாட்டான். அதைக் கடைக்காரர் பார்த்தார். பார்த்தும், தனக்கு எந்த அர்த்தம் வசதியோ அந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அவருக்கு உட்காரத் தோன்றவில்லை. ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். காலடியில் ஒரு டைல்ஸ் அடியில் சிமென்ட் இல்லாமல் டொக் டொக் என்று சத்தம் கொடுத்தது. அதன் மேலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

தங்கை, தான் வேலை செய்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து கையுறை வாசனையோடு அப்படியே வந்திருந்தாள். டாக்டரிடம் முதலில் பேசினாள். பூசி மெழுகிச் சொல்வதற்கெல்லாம் அவளிடம் இடம் இல்லை. அந்தப் பேச்சு அவளுக்குத் தினப்படி கேட்டுப் பழக்கம். கழுத்தெலும்பு உடைந்து உள்ளே நரம்பை நசுக்கியிருக்கிறது. கழுத்துக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. மூச்சுக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள், பேச முடியாது. இனிமேல் எப்படி என்று அவள் கேட்டதற்கு டாக்டர், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

அண்ணனிடம் வந்தாள். அவருடைய ஜாக்கெட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாக அவளே கழற்றினாள்.

"அவருதானே பிடிவாதம் பிடிச்சாரு?"

கடைக்காரர் வாயைத் திறந்தார்.

"எனக்குத் தெரியாதா அவரை. அலை பெருசா இருக்கு வேணாம்னு நீ சொல்லியிருப்ப. மச்சான் முன்னாடி பயந்த மாதிரி தெரியக் கூடாதுன்னு போயிருப்பாரு. அப்படித்தானே?"

எதிராளி தானாகவே ஒரு விலையைச் சொல்லி, அது நமக்குச் சாதகமாக இருந்தால், வாயை மூடிக்கொள்ள வேண்டும். இது அந்தத் தொழிலின் முதல் பாடம். கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

ஒவ்வொருவராகத்தான் உள்ளே விடுவார்கள். அவள் கேட்டுக்கொண்டதால் நர்ஸ் இருவரையும் விட்டாள். "பேச வைக்காதீங்க. நான் சொல்லிக் கொடுத்திருக்கேன். ஆமான்னா ஒரு தடவை கண்ணை மூடுவாரு, இல்லைன்னா ரெண்டு தடவை."

மாப்பிள்ளையின் தலையைச் சுற்றி ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். எந்தப் பக்கமும் திரும்ப முடியாமல், கூரையைப் பார்த்துக் கிடந்தார். தங்கை குனிந்து தன் முகத்தை அவர் பார்வைக்குள் கொண்டுபோனாள்.

"வலிக்குதா?"

இரண்டு தடவை.

"பயமா இருக்கா?"

ஒரு தடவை.

அவள் அவர் நெற்றியில் ஒட்டியிருந்த மணலை விரலால் ஒற்றி எடுத்தாள். பிறகு குரலை இறக்கி, வீட்டில் திட்டுகிற அதே குரலில், "நீங்கதானே அடம் பிடிச்சுப் போனீங்க? அண்ணன் வேணாம்னு சொல்லியும் கேக்காம? சொல்லுங்க," என்றாள்.

கடைக்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மாப்பிள்ளையின் பார்வைக்கு அவர் படவில்லை. ஆனால் அவர் அங்கே நிற்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். கடைக்காரருடைய மூச்சு இயந்திரத்தின் மூச்சையும் மீறிக் கேட்டுக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

தங்கை அழுதுகொண்டே, "பாத்தியாண்ணா, ஒத்துக்கிறாரு. உன் மேல தப்பு இல்ல. நீ வீட்டுக்குப் போய்த் துணி மாத்து," என்றாள்.

இனாமாக வருகிற எதையும் கடைக்காரர் நம்பியது கிடையாது. வாழ்க்கையில் முதல்முறையாக, கைக்கு வந்து விழுந்த ஒன்றை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் தெம்பில்லை. அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்தார்.

"பாப்பா."

"சொல்லு."

"அவரு வேணாம்னு சொன்னாரு. திரும்பிடலாம்னு சொன்னாரு. நான்தான் தள்ளி விட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன உளறுற?"

"எனக்குக் குளிரா இருந்துச்சு. அவரு போயிட்டா நான் போய்க் கார்ல உக்காந்துக்கலாம்னு..." அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. இருந்ததே அவ்வளவுதான்.

இயந்திரம் மூச்சு விட்டது, வாங்கியது. தங்கை மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். மறுபடியும் குனிந்தாள். இந்த முறை அவள் குரல் திட்டுகிற குரலாக இல்லை.

"அண்ணன் சொல்றது நிஜமா?"

மாப்பிள்ளை அவளையே பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்குறேன். ஆமாவா, இல்லையா?"

அவர் கண்ணை மூடவில்லை. விழிகள் சிவந்தன. ஓரத்தில் தண்ணீர் கட்டி, காதுப்பக்கமாக இறங்கி, சட்டத்தின் மேல் வழிந்தது. இமை துடித்தது. ஒருமுறை மூடினாலும் பதில், இருமுறை மூடினாலும் பதில். உடம்பில் அவர் சொன்ன பேச்சைக் கேட்க மிச்சம் இருந்தவை அந்த இரண்டு இமைகள்தான். அவற்றை அவர் விரியத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார், தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிடும் வரைக்கும்.