லிண்டவர் கம்பெனியின் நூறாண்டு வரலாறு

ஜூலியன் லிண்டவர் பொய் சொல்வார் என்று அந்த வசந்தகாலத்தில் யாராவது எர்சீலியாவிடம் சொல்லியிருந்தால், சொன்னவர் முகத்தில் காறித் துப்பியிருப்பாள். அவள் புருஷன் செத்தபோது தேவாலயத்திலிருந்து சவப்பெட்டியைத் தூக்கி வந்த ஆறு பேரில் ஜூலியனும் ஒருவர். முதலாளி! முழங்கால் அளவு பனியில், நல்ல ஷூ நனைய, ஒரு தொழிலாளியின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். அதற்கப்புறம் அவர் என்ன சொன்னாலும் எர்சீலியாவுக்கு வேதவாக்கு.

ராச்செஸ்டரில் ஆற்றோரம் ஐந்து மாடிக் கட்டடம். அதில் நாலாவது மாடி கோட்டு மாடி. நூற்றுப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் இத்தாலியப் பெண்கள். எர்சீலியா கோட்டுக்குக் கை பொருத்துகிறவள், நாற்பத்தொரு வருஷமாக. லிண்டவர் கோட்டை ஊரெல்லாம் தேடி வந்து வாங்கியதே அந்தக் கைக்காகத்தான். போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் கோட்டு கூடவே தூக்கிக்கொண்டு வராது, தோளில் ஒரு சுருக்கம் விழாது. மற்றக் கம்பெனிக்காரர்கள் கோட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த மாடியில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லாரும் பீஸ் ரேட்டுக்கு, உருப்படிக்கு இவ்வளவு கூலி என்று தைப்பவர்கள். ரேட்டை நிர்ணயிக்க நிர்வாகம் கையில் ஸ்டாப்வாட்சோடு ஓர் ஆளை அனுப்பும். அவன் பக்கத்தில் வந்து நின்றால் எவளும் தன் நிஜ வேலையைக் காட்டமாட்டாள். காட்டினால் போச்சு, அந்த வேகத்தை வைத்தே ரேட்டைக் குறைத்துவிடுவான். அவனுக்கென்று தனியாக ஒரு தையல் வைத்திருந்தார்கள். கடிகாரத் தையல் என்று அதற்குப் பெயர். பார்க்க ஒழுங்காக இருக்கும், படிப்படியாகப் போகும், நேரமும் பிடிக்கும். அவன் படியிறங்கியதும் நிஜத் தையல் ஆரம்பிக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவளுக்கு ஊசியில் நூல் கோக்கும் முன்னே இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

ஏப்ரலில் ஒருநாள் ஜூலியன் மாடியேறி வந்து மெஷின்களை நிறுத்தச் சொன்னார். பக்கத்தில் மெல்லிய சட்டமிட்ட கண்ணாடி போட்ட ஒரு மனிதர்.

"இந்த வருஷம் நமக்கு நூறு வயசு. கம்பெனியோட வரலாறை புத்தகமாப் போடறோம். எங்க தாத்தாவைப் பத்தி மட்டும் எழுதினா அது வரலாறு இல்ல. கோட்டு தெச்சது நீங்க. ஒவ்வொருத்தரும் என்ன செய்றீங்க, எப்படிச் செய்றீங்கன்னு இவர்கிட்ட சொல்லுங்க. மிஸ்டர் பார்மலி. எழுத்தாளர்."

ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் ஜூலியன் எர்சீலியாவின் மேஜைக்கே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாரும் பயப்படறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன். உங்களுக்குன்னு ஒரு அத்தியாயம் வரப்போகுது, எர்சீலியா. உங்க பேர்லயே."

தன் பெயரில் அத்தியாயம்! சம்பளச் சீட்டில்கூட அவள் பெயரை ஒருமுறையும் சரியாக எழுதாத கம்பெனி அது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது நுன்சியாவிடம் சொன்னாள். நுன்சியா அவள் நாத்தனார், செத்துப்போன புருஷனின் தங்கை. அதே மாடியில் காஜா எடுக்கிறவள். அவள் நாக்குக்கும் ஊசிக்கும் கூர்மையில் வித்தியாசம் கிடையாது.

"வரலாறு எழுதறவன் எதுக்கு அண்ணி ஊசி நம்பர் கேக்கறான்?" என்றாள் நுன்சியா, மிளகாயும் முட்டையும் வைத்த ரொட்டியை மென்றுகொண்டே.

"விவரமா எழுதணும்னு கேக்கறாரு."

"ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல்னு காலர் வைக்கற அசுந்தாகிட்ட கேட்டானாம். யார் அண்ணி இதையெல்லாம் உக்காந்து படிக்கப்போறாங்க? போப்பாண்டவரா?"

"உனக்கு எதுலயும் சந்தேகம்தான். உங்க அண்ணன் பெட்டியைத் தூக்கினவருடி அவரு."

"பெட்டியைத் தூக்கினாரு, சரி. அதுக்காக நம்ம காதுல பூ சுத்தினா, வாசனையா இருக்குன்னா சொல்ல முடியும்?"

எர்சீலியாவுக்குக் கோபம் வந்துவிட்டது. விட்டேனா பார் என்று மேஜை மேஜையாகப் போனாள். அசுந்தா, மார்பு மடிப்பு தைக்கிறவர்கள், இஸ்திரிக்காரர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. "கடிகாரக்காரன் இல்ல இவரு. நெஜத்தைக் காட்டுங்க. கெடுதல் ஒண்ணும் வராது, நான் பொறுப்பு. செத்துப்போன என் புருஷன் மேல சத்தியம்." புருஷன் மேல் சத்தியம் செய்தபோது நுன்சியா தலைநிமிர்ந்து பார்த்தாள். கடைசியில் எல்லாரும் தலையாட்டினார்கள்.

பார்மலி மே மாதம் முழுவதும் வந்தார். எர்சீலியாவிடம் மட்டும் ஒன்பது நாள். போட்டோ எடுப்பார்கள் என்று அவள் முந்தின நாளே போய்த் தலைமுடியைச் சுருட்டி அலங்கரித்துக்கொண்டு வந்தாள். அவரோ கைகளை மட்டும்தான் படம் பிடித்தார். அட, தையல்காரிக்குக் கைதானே முகம் என்று அவளே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

எல்லாவற்றையும் காட்டினாள். ஊர் உலகமெல்லாம் செய்வதுபோல மேஜையில் வைத்துத் தோள் உச்சியிலிருந்து ஆரம்பிப்பதில்லை அவள். கோட்டை இடது முழங்காலின்மேல் கவிழ்த்துப்போட்டு, முதுகுத் தையலுக்குக் கீழிருந்து தொடங்குவாள். கைக்கான துணி தோள் வளைவைவிடப் பெரிது. மிஞ்சுகிற துணியைக் கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டே போகவேண்டும், அதுவும் மற்றவர்கள்போல ஈரம் காட்டிச் சுருக்காமல். இதைப் பெற்ற மகளுக்கும் அவள் காட்டியதில்லை. பார்மலி முழங்காலின் உயரத்தைக்கூட டேப் வைத்து அளந்தார். "அருமை, அருமை" என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

செப்டம்பரில் நூறாண்டு விருந்து நடந்தது. மாட்டிறைச்சி, மெழுகுவர்த்தி, வாத்தியக்காரர்கள், எல்லாம் இருந்தது. புத்தகம் மட்டும் இல்லை. அச்சில் இருக்கிறது என்றார்கள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சரக்கு இறக்குகிறவர் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து நாலாம் மாடியில் வைத்துவிட்டுப் போனார். லிண்டவர் பெயர் போட்ட கோட்டு எதுவானாலும் கடைசிப் பார்வைக்கு அங்கேதானே வரும்? அசுந்தா பிரித்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு கோட்டு. உட்புறம் லிண்டவர் லேபிள்.

"ஐயய்ய! யாரு இந்தக் காலரை வச்சது? போட்டா கழுத்தை விட்டு ஒரு விரல் தள்ளி நிக்கும். என் கை இல்ல இது," என்றாள் அசுந்தா.

நுன்சியா காஜாவைப் புரட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "எலி கடிச்ச மாதிரி இருக்கு. அண்ணி, இங்க வந்து பாரேன், மார்பு மடிப்பு காஞ்ச இலை மாதிரி சுருண்டுகிட்டு நிக்குது!"

பெண்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒரே கேலியும் சிரிப்பும். யாரோ கோட்டை எடுத்துத் தையல் பொம்மைக்கு மாட்டினார்கள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

கோட்டு முழுக்கக் கோளாறு. கை மட்டும் தோளிலிருந்து நேராக, ஒரு சுருக்கம் இல்லாமல் இறங்கியது. அது யாருடைய தையல் என்று அந்த மாடியில் எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

முதலில் பேசியது அசுந்தாதான். மெதுவாகத்தான் கேட்டாள். "எர்சீலியா, நீ அவனுக்கு நெஜத்தையா காட்டின?"

"எல்லாரும்தானே காட்டினீங்க?"

ஒவ்வொருத்தியும் வேறெங்கோ பார்த்தாள். "நாங்க கடிகாரத் தையல்தான் காட்டினோம்," என்றாள் அசுந்தா. "நீ அவ்வளவு கெஞ்சினியேன்னு தலையாட்டி வச்சோம். நீயும் அதைத்தான் காட்டியிருப்பேன்னு நெனச்சோம்."

எர்சீலியா பொம்மையிலிருந்து கோட்டைக் கழற்றினாள். நாலு மாடியும் இறங்கி ஜூலியனின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்து, அதை அவர் மேஜைமேல் போட்டாள்.

"இது எங்க தெச்சது?"

ஜூலியன் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "இது மேல வந்திருக்கக் கூடாது," என்றார். "கடல் தாண்டி ஒரு ஃபேக்டரி. பிப்ரவரியில இங்க மூடறோம். வேற வழியில்ல எர்சீலியா. நம்புங்க."

"பார்மலி?"

"இஞ்சினியர்."

"அப்போ புத்தகம்?"

அவர் கோட்டை எடுத்து விரித்தார், காலரைத் தடவினார், முகம் சுளித்தார். "மத்ததெல்லாம் மோசமாத்தான் வந்திருக்கு. பரவாயில்ல. காலர், காஜா எல்லாம் எங்க வேணும்னாலும் ஆள் புடிச்சுக் கத்துக்கொடுத்துடலாம். கை ஒண்ணுதான் பயமா இருந்துச்சு. அது வரலைன்னா இந்த ஊரை விட்டு நகரவே முடியாதுன்னு கடன் குடுக்கற பேங்க்காரங்ககிட்ட நானே சொல்லியிருந்தேன்." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பாவி மனுஷன், அந்த முகத்தில் நிஜமான நன்றி இருந்தது. "நீங்க இல்லைன்னா முடிஞ்சிருக்காது."

"என் புருஷன் பெட்டியைத் தூக்கினீங்களே!"

"ஆமா," என்றார் ஜூலியன், புரியாமல். "நல்ல மனுஷன் அவரு. அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு?"

இப்படி ஒருவன் கேட்டால் என்னத்தைச் சொல்வது? கழுத்தை அறுத்தவனுக்கே அறுத்தது தெரியவில்லை.

அவள் படியேறினாள். நாலாம் மாடியில் ஒரு மெஷினும் ஓடவில்லை. நூற்றுப் பதினோரு பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பிப்ரவரியில மூடறாங்க," என்றாள். "கை வந்திருக்காட்டி மூடியிருக்க மாட்டாங்களாம்."

யாராவது திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அசுந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் மேஜைக்குப் போனாள். ஒவ்வொருத்தியாக நகர்ந்தார்கள். கடைசியில் நுன்சியா மட்டும் நின்றாள். எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்கிறவள் இப்போது சிரிக்கவில்லை.

"எங்க அண்ணன் மேல சத்தியம் பண்ணினியே."

"நான் பொய் சொல்லல நுன்சியா. சத்தியமா நம்பித்தான் சொன்னேன்."

"தெரியும் அண்ணி," என்றாள் நுன்சியா. "எங்களை மாதிரி நீயும் பொய் சொல்லியிருந்தா, இன்னிக்கு நம்ம எல்லாருக்கும் வேலை இருந்திருக்கும்."

சொல்லிவிட்டு, கழுத்தில் தொங்கிய கத்திரியைச் சரிசெய்துகொண்டு, அவளும் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.